வேலூரிலிருந்து இலங்கைக்கு

விடுமுறை நெருங்கிவிட்டால் நம் பழைய வட ஆற்காட்டுப் பக்கத்தில் இரண்டே யோசனைகள் கிளம்புவது வழக்கம். ஒன்று திருப்பதி, மற்றொன்று ஏலகிரி. இப்பொழுது மூன்றாவதாக இலங்கையும் சேர்ந்திருக்கிறது. தோல் வியாபார விஷயமாகக் கடல் கடந்து போய் வருவோர் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வெகு காலமாகவே உண்டு. மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் உபாத்தியாயர்களும் குமாஸ்தாக்களும் மனைவி மக்களுடன் கடல் கடக்க எண்ணுவதுதான் புதுமை. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஆகாய விமானம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுகிறது. காட்பாடியிலிருந்து சென்னை போய்ச் சேரவே அதைவிட அதிக நேரம் ஆகும்!

நம்மிடம் யோசனை கேட்க வந்த நண்பர்கள் சிலரின் திட்டங்களைப் பார்த்தோம். பத்து நாள் விடுமுறையில் ஆறு ஏழு நாட்களைக் கொழும்புக்கே ஒதுக்கியிருந்தார்கள். பெரிய நகரம், கடற்கரை, கடைவீதி, உயர்ந்த கட்டடங்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். கொழும்பு அழகான நகரந்தான். ஆனால் கடைவீதிக்கும் கட்டடத்துக்கும் சென்னையே போதாதா? வேலூர்க்காரர்கள் இலங்கையில் பார்க்க வேண்டியது வேறொன்று உண்டு. அதன் முதற்பகுதி நம் பாலாற்றங்கரையிலேயே இருக்கிறது.

முத்து மண்டபத்தைத்தான் சொல்லுகிறோம். கண்டி இராஜ்யத்தின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் அங்கே அடக்கமாகியிருக்கிறார். கண்ணுசாமி என்பது அவருடைய இயற்பெயர். மதுரை நாயக்கர் உறவினர். 1798-இல் பட்டத்துக்கு வந்தார். சொந்தப் பிரதானிகளே வெள்ளையருடன் சேர்ந்துகொள்ள, 1815 பிப்ரவரியில் பிடிபட்டார். மார்ச் 2-ந் தேதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கை முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. மறு ஆண்டு ஜனவரியில் அவரைக் கொழும்பில் கப்பலேற்றிச் சென்னைக்கும், பிறகு வேலூர்க் கோட்டைக்கும் கொண்டுவந்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் 1806-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே கோட்டை! திப்புவின் குடும்பத்தாரை அப்பொழுது கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்ட கும்பெனியாருக்கு, மற்றொரு ராஜ குடும்பத்தைச் சிறை வைக்க இடம் வசதியாயிருந்தது போலும். கோட்டைக்குள்ளே கண்டி மஹால் என்று ஒரு கட்டடம் இன்றும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது. 1832 ஜனவரி 30-ந் தேதி மன்னர் காலமானார். சமாதியின்மேல் இப்பொழுதுள்ள மண்டபத்தைத் தமிழ்நாடு அரசாங்கம் 1990-இல் கட்டியது.

அவர் உத்தமர் என்று நாம் வாதிக்க வரவில்லை. எஹெலப்பொல என்னும் பிரதானியின் மனைவி மக்களை 1814-இல் கொல்வித்த கதையை இலங்கையில் இன்றும் மறக்கவில்லை. ஆயினும் பதினாறு ஆண்டுக் காலம் நம்மூரில் கைதியாயிருந்து, நம்மூர் மண்ணிலேயே கலந்துபோன ஒருவரின் நாட்டைப் பார்க்கப் போகிறோம். அவர் சமாதியில் ஒரு கால்மணி நேரம் நின்றுவிட்டுப் புறப்படுவது நல்லது. ஆற்றிலே தண்ணீர் இருக்காது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவால் பாலாறு பட்ட பாட்டைப் பற்றி 1996-இல் சுப்ரீம் கோர்ட் வரையில் தீர்ப்பாகியும் நிலைமை அப்படித்தான். கண்டியில் இரு கரையும் நிறைந்து ஓடும் மகாவலி கங்கையைக் காணும்போது இது நம் குழந்தைகளுக்கு ஞாபகம் வரட்டும்.

நிற்க. கொழும்புக்கு இரண்டு நாள் போதும் என்பது நமது அபிப்பிராயம். அதில் ஒரு காலைப் பொழுதைத் தேசியப் பொருட்காட்சிசாலைக்குக் கொடுத்துவிட வேண்டும். 1877-இல் திறக்கப்பட்ட அந்த மாளிகையில் கண்டி அரசர்களின் சிம்மாசனம் இருக்கிறது. 1693-இல் டச்சுக்காரர்கள் காணிக்கையாகக் கொடுத்த அந்த ஆசனத்தில் கடைசியாக வீற்றிருந்தவர் நம் பாலாற்றங்கரை மன்னர். ஆங்கிலேயர் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய் வின்ட்ஸர் மாளிகையில் வைத்திருந்து, 1934-இல்தான் திருப்பித் தந்தார்கள். சிம்மாசனம் ஊர் திரும்பிற்று, மன்னர் திரும்பவில்லை. மாலையில் காலிமுகத்திடலில் காற்று வாங்கலாம். கொச்சிக்கடையில் ஸர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தையும் தரிசிக்கலாம். புறக்கோட்டைக் கடைகளுக்குப் பெண்டிரை அழைத்துச் செல்லாமல் தப்பிக்க முடியாது. இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைப்பதால் திடீர்ப் பணக்காரராகிவிட்டோம் என்ற மயக்கம் சிறிது நேரம் இருக்கும். விலையைக் கேட்டவுடன் தெளிந்துவிடும்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து கண்டி ஏறக்குறைய 75 மைல். ரயிலிலேயே போக வேண்டும். போகும்போது வலப்புறத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டால் கடுகண்ணாவை மலையேற்றத்தின் பள்ளத்தாக்குகள் கண்ணுக்கு விருந்தாகும். 1867-இல் போட்ட பாதை இது. கண்டியில் நகரின் நடுவேயுள்ள ஏரியை வெட்டுவித்தவர் நம் மன்னர்தாம். 1807-இல், வயலாயிருந்த இடத்தில். தலதா மாளிகை என்னும் புத்தர் தந்த ஆலயத்தின் முகப்பிலுள்ள எண்கோண மண்டபமும் அவர் கட்டுவித்ததே. ஆலயத்துக்குள் பாதரட்சை கூடாது. ஆம்பூரின் புதுப் பூட்ஸைப் பெருமையுடன் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கவனிக்க. சார்க் நாட்டினருக்குச் சில இடங்களில் கட்டணம் குறைவு. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தால்தான் அந்தச் சலுகை. பக்கத்திலே பேராதனைப் பூந்தோட்டம், மகாவலி மூன்று புறமும் சூழ, 147 ஏக்கரில் பரந்திருக்கிறது. இங்கே ஒரு முழுப் பகலையும் செலவிடலாம்.

கண்டிக்கு மேலே தேயிலை மலை. ஹட்டன், நானுஓயா வழியாகப் பதுளைக்குச் செல்லும் ரயிலைப் பற்றி உலகமெங்கும் புகழ்கிறார்கள். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலைநாட்டில் பெரும் உயிர்ச்சேதம் விளைவித்து, இருப்புப்பாதையையும் பல இடங்களில் சிதைத்துவிட்டது. எந்த ஊர் வரையில் வண்டி ஓடுகிறதென்று விசாரித்த பிறகே அந்தப் பக்கம் திட்டம் போட வேண்டும். ஜன்னலில் தெரியும் பச்சைச் சரிவுகளைப் படம் பிடிப்போர், அவற்றில் கூடையுடன் நிற்பவர்கள் யாரென்றும் கேட்டுக்கொள்வார்களாக. திருச்சி, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து கால்நடையாகக் காடு கடந்து போன நம் ஜனங்களின் சந்ததியார் அவர்கள். சுதந்திர இலங்கை 1948-இல் இயற்றிய சட்டத்தால் பிரஜா உரிமை இழந்தார்கள். 1964-இல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டுப் பிரிக்கப்பட்டார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு 2003-இல்தான் பூரண உரிமை கிடைத்தது. ஒரு தோட்டத்து லயன் வீட்டின் வாசலில் நின்று நாலு வார்த்தை தமிழ் பேசிவிட்டு வந்தால், ஒரு நாள் வீணாயிற்றென்று எவரும் சொல்லமாட்டார்கள்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு விடுமுறை மே மாதம். இலங்கையின் தென்மேற்கு மழையும் மே மாத நடுவிலிருந்துதான் கொழும்பிலும் மலைநாட்டிலும் பிடிக்கிறது. ஆகவே மாதத் தொடக்கத்திலேயே புறப்பட வேண்டும். வைகாசிப் பௌர்ணமியாகிய வெசாக் அன்று வீதியெல்லாம் காகித விளக்குகள் தொங்கும், கண்கொள்ளாக் காட்சி. ஆனால் பௌர்ணமிதோறும் அங்கே அரசாங்க விடுமுறையாதலால், காரியமாகப் போகிறவர்கள் நாளைப் பார்த்துக்கொள்ளவும்.

மிச்சமுள்ள மூன்று நாளை யாழ்ப்பாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நல்லூர்க் கந்தனையும், 1981-இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்ட பொது நூல்நிலையத்தையும் பார்க்கலாம். அந்தக் காலத்தில் போட் மெயிலில் தனுஷ்கோடி போய், தலைமன்னாருக்குக் கப்பலேறுவார்கள்; 1964 டிசம்பர்ப் புயலுடன் அந்த வழி முடிந்தது. இப்பொழுது காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய பிரயாணிக் கப்பல் உண்டு. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி கிளம்பிய சேவை இது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஓடாது. கப்பல் ஓடும் நாளை முன்னதாகவே நிச்சயித்துக்கொண்டு, அதற்கேற்பக் கண்டியிலிருந்து கிளம்பும் தேதியைக் குறிக்க வேண்டும். காலையில் யாழ்ப்பாணத்தில் இடியப்பம் சாப்பிட்டுக் கப்பலேறினால் அன்றைக்கே நாகப்பட்டினத்தில் இறங்கலாம். அங்கிருந்து வேலூருக்கு வண்டி பிடிப்பதுதான் நீண்ட பிரயாணம்.