மறுபடியும் கிளம்புகிறவர்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு கடல் கடந்து தொண்டு செய்யப் போகும் அமெரிக்கத் தம்பதிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். போய் வந்து, பெட்டியைப் பரணில் ஏற்றிய பிறகும் அவர்களில் சிலர் இன்னொரு முறை விண்ணப்பம் போடுகிறார்கள். இந்த வாரம் அந்த முடிவைப் பற்றி.

மார்மன்கள் என்று உலகம் அறிந்த பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்குத் தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையுமாக இரண்டு ஆண்டு ஊழியம் செய்யும் அதன் இளைஞர்களைப் பலருக்குத் தெரியும். நாம் பார்த்தது போன்ற மூத்த தம்பதிகளுக்கும் அங்கே இடம் உண்டு. 6 மாதம் முதல் 23 மாதம் வரை போகலாம். சம்பளம் கிடையாது, வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் சொந்தச் சேமிப்பிலிருந்துதான்.

இந்தச் சபையின் உலகளாவிய நிவாரணப் பணிக்கு எத்தியோப்பியப் பஞ்சம் ஒரு திருப்புமுனை. 1985 ஜனவரி 27 அன்று சபையினர் உபவாசம் இருந்து, சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். சேர்ந்தது 60 லட்சம் டாலருக்கும் மேல். பசித்த வயிற்றோடு கொடுத்த அந்தப் பணம் மாற்று மதத்தவருக்கும் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் கிணறு, சக்கர நாற்காலி, கண் சிகிச்சை என்று பணி விரிந்தது.

அப்படி விரிந்த பணிகளில் ஒன்று, பிறந்ததும் மூச்சு விடாத சிசுக்களைக் காப்பாற்றும் பயிற்சி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2010-இல் தொடங்கிய திட்டத்தில் இந்தச் சபையும் கைகோத்தது. பயிற்சிக்கு ஒரு பொம்மை உண்டு. அதற்குள் தண்ணீர் நிரப்பினால், தூக்கும் கைக்குப் பச்சைக் குழந்தையின் கனம் தெரியும். முகமூடியைச் சரியாகப் பொருத்தி, அதோடு இணைந்த காற்றுப் பையை அமுக்கினால் மார்பு எழும்பும். பொருத்தம் தவறினால் எழும்பாது. முதல் ஒரு நிமிடத்துக்குள் குழந்தை தானாக மூச்சு விட வேண்டும், இல்லையென்றால் பையால் மூச்சு கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும் என்பது பாடம். மருத்துவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். அதிகாரிகளைப் பார்ப்பது, இடம் பிடிப்பது, செவிலியரை வரவழைப்பது போன்ற வேலைகளில் மூத்த தம்பதிகள் தோள் கொடுப்பார்கள்.

முதல் தடவை ஆர்வமே இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டாம் தடவை எல்லாம் தெரியும். மின்வெட்டு தெரியும். பேத்தி பிறந்ததைக் கைப்பேசித் திரையில் பார்த்த ஏக்கம் தெரியும். முழங்கால் வலி கூடியிருக்கிறது, சேமிப்பு குறைந்திருக்கிறது. தம்பதியாகப் போகிற ஊழியம் என்பதால் ஒருவர் சம்மதம் மட்டும் போதாது. இவர் சரி என்றாலும், அவர் மனதார ஒப்ப வேண்டும்.

இவ்வளவும் தெரிந்து சொல்லும் "சரி"யை நான் பெரிதாக மதிக்கிறேன். பழகாத கைக்குப் பயிற்சி மறந்துபோகும். பார்த்துக்கொள்ள ஆளில்லாத கிணற்றுப் பம்பு துருப்பிடிக்கும். அந்த இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இது உறைக்கும். ஆகவே, மறுபடியும் போகிறவர்கள் "நாங்கள் என்ன கொடுக்கலாம்?" என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. "நாங்கள் திரும்பிய பிறகு இதை யார் நடத்துவார்கள்?" என்றும் கேட்க வேண்டும். அதற்கு உள்ளூர்க்காரர் ஒருவரையாவது காட்ட முடிந்தால், தாராளமாகக் கிளம்பலாம்.

அப்பா அம்மாவை வழியனுப்பும் பிள்ளைகளின் மனநிலையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)