பங்கும் மிச்சமும்: சிறுவர்க்கு வகுத்தல் கற்பித்தல்

திருவனந்தபுரம் நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையில் பொன்முடி அமைந்துள்ளது. மலையேறும் பாதையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. கேரளத்து மலைத்தோட்டங்களில் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பங்களிற் பிறந்த குழந்தை வீட்டிலே தமிழையும் வெளியிலே மலையாளத்தையும் கேட்டு வளர்கின்றது.

இக்குழந்தை வகுத்தற் கணக்கைத் தொடங்கும்பொழுது கணக்கோடு சொற்களும் அதற்குத் தடையாகின்றன. தமிழ்ப் பாடநூல் ‘வகுத்தல்’, ‘ஈவு’, ‘மீதி’ என்று கூறும். மலையாளப் பாடநூலோ ‘ஹரணம்’, ‘ஹரணபலம்’, ‘சிஷ்டம்’ என்று கூறும். எட்டு வயதுச் சிறுவனுக்கு இவற்றுட் பெரும்பாலானவை புதியவையே. ஆனால் ‘பங்கு’, ‘மிச்சம்’ என்னும் இரு சொற்களும் இவ்விரு மொழிகளிலும் வழங்குகின்றன. பள்ளிக்கு வருமுன்னரே அவன் அவற்றை அறிவான். வகுத்தலைக் கற்பிப்போர் தொடங்கவேண்டிய இடம் அதுவே.

இதனை எளிய விஷயமென ஒதுக்குவதற்கில்லை. 2024ஆம் ஆண்டின் கல்வி நிலை அறிக்கையின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுள் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வல்லவர் 30.7 விழுக்காட்டினரே. எஞ்சிய பத்தில் ஏழு பேர், கூலியையும் பங்கையும் பிறர் சொன்னபடி ஏற்றுக்கொள்ளும் நிலையில் வளர நேரிடலாம்.

வகுத்தலுக்கு இரு பொருள்கள் உண்டு. 12 புளியங்கொட்டைகளை 3 பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை என்பது ஒன்று, இது பங்கிடுதல். அதே 12 கொட்டைகளை மும்மூன்றாக எடுத்து வைத்தால் எத்தனை கூறுகள் என்பது மற்றொன்று, இது கூறுகட்டுதல். இரண்டிற்கும் விடை 4 ஆயினும் கைகள் செய்யும் வேலை வேறு. முதலாவதில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக இட்டு வருகிறோம். இரண்டாவதில் மும்மூன்றாகக் கழித்து வருகிறோம். இவ்விரண்டையும் பல நாட்கள் கையாற் செய்த பின்னரே வகுத்தற் குறியை அறிமுகப்படுத்துதல் நன்று. கூறுகட்டுதலில் தேர்ந்த குழந்தை 96ஐ 8ஆல் வகுக்கும்பொழுது, பத்து எட்டு 80 என்று முதலிற் கழித்து, எஞ்சிய 16இல் இரண்டு எட்டுக்களைக் கண்டு, 12 என்னும் விடையைத் தானே அடையும்.

அடுத்து மிச்சத்தைப் பற்றிக் கருதவேண்டும். 42ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 2. பொன்முடிக்குச் செல்லும் 42 குழந்தைகளை, வண்டிக்கு எண்மராக ஏற்றுவதாகக் கொள்வோம். 5 வண்டிகள் போதா. இருவர் அடிவாரத்திலேயே நின்றுவிடுவர். ஆகவே 6 வண்டிகள் தேவை. 42 ஆரஞ்சுப் பழங்களைப் பைக்கு எட்டாகக் கட்டினால் 5 பைகளே நிறையும். 2 பழங்கள் மிஞ்சும். 42 மீட்டர் கயிற்றை 8 சம துண்டுகளாக வெட்டினால் துண்டு ஒன்று 5 மீட்டர் 25 சென்டிமீட்டர் ஆகும். கணக்கு ஒன்றே, விடைகள் மூன்று. மீதியை என்ன செய்வதென்று நிகழ்ச்சியே தீர்மானிக்கின்றது. ‘ஈவு 5, மீதி 2’ என்று எழுதியதோடு நிறுத்தாமல், ‘அந்த இரண்டு எங்கே போயிற்று?’ என்று ஆசிரியர் கேட்டல் வேண்டும்.

எழுத்து முறையில் மிகுதியாகக் காணப்படும் பிழை பூச்சியத்தைப் பற்றியது. 412ஐ 4ஆல் வகுக்கச் சொன்னால் பல குழந்தைகள் 13 என்று எழுதுகின்றனர். இதனை அடித்துத் திருத்துவதால் மட்டும் பயனில்லை. 4 நூற்றுக் கட்டுகள், 1 பத்துக் கட்டு, 2 தனிக் குச்சிகள் ஆகியவற்றைக் குழந்தையிடம் கொடுத்து நால்வருக்குப் பங்கிடச் செய்யலாம். நூற்றுக் கட்டு ஆளுக்கு ஒன்று கிடைக்கும். பத்துக் கட்டு ஒன்றே இருப்பதால் முழுக் கட்டாக ஒருவருக்கும் கிடையாது. பத்தின் இடத்தில் பூச்சியம் எழுதவேண்டும். பின்னர் அக்கட்டை அவிழ்த்து இரண்டோடு சேர்த்தால் 12 குச்சிகள், ஆளுக்கு 3. விடை 103. ‘ஆளுக்கு ஒரு நூறு ஏற்கெனவே கிடைத்துவிட்டதே, விடை எவ்வாறு 13 ஆகும்?’ என்று குழந்தை தானே கேட்குமாயின் பாடம் நிறைவெய்தியது எனலாம். இறுதியில் 103ஐ 4ஆல் பெருக்கி 412 வருவதைச் சரிபார்க்கும் வழக்கமும் அவசியம்.

காரணம் கூறிக் கணிதம் கற்பித்தல் கேரளத்திற்குப் புதியதன்று. 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் இயற்றிய ‘யுக்திபாஷை’, கூட்டல் முதலான அடிப்படைச் செயல்களில் தொடங்கி, கணித முடிவுகளைக் காரணத்தோடு விளக்குகின்றது. பேரறிஞர்க்குப் பொருந்திய அம்முறை, எட்டு வயதுச் சிறுவனுக்கும் பொருந்தும்.

இதற்கு விலையுயர்ந்த சாதனங்கள் எவையும் வேண்டியதில்லை. புளியங்கொட்டையும் குச்சியும் போதும். கிராமங்களிற் பணிபுரியும் ஊழியர்கள், பெற்றோரைச் சந்திக்கும்பொழுது, வீட்டில் பண்டங்களைப் பங்கிடும் வேலையைக் குழந்தையிடம் விடுமாறு கூறலாம். பங்கையும் மிச்சத்தையும் கையால் உணர்ந்த குழந்தைக்கு ஈவும் மீதியும் வெறும் பெயர்களே. அவற்றைக் கற்க அதற்கு நெடுநாள் ஆகாது.