தறிக் கொட்டகையைச் சிக்கனமாகச் செப்பனிடும் முறை

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. கட்டிய வீட்டைக் காப்பதும் அவற்றுக்குக் குறைந்த வேலையன்று. காஞ்சிபுரம், ஆரணி, பரமக்குடி முதலிய நெசவூர்களில், வீட்டின் பின்சுவரை ஒட்டி ஓட்டுச் சாய்ப்பு இறக்கி, அதில் குழித்தறி போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. இரண்டாவது தறி வேண்டியபோது கையிலிருந்த பணத்துக்கு ஏற்ப எழுப்பப்பட்ட சாய்ப்புகள் பல, ஆழமில்லாத அஸ்திவாரத்தின்மேல் நிற்கின்றன, தரையும் தாழ்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குழியில் நீர் ஊறினால் தறி நின்றுவிடும். பாவில் பூஞ்சை பிடித்தால் நூலும் போயிற்று, கூலியும் போயிற்று.

இந்நிலையில் சாய்ப்பை இடித்துவிட்டுக் கடன் வாங்கிக் காங்கிரீட் தளம் போட எண்ணுவோர் சற்றுப் பொறுத்தல் நலம். பழைய சாய்ப்பில் செலவு செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நீரைத் தடுத்தல், அடுத்து தரையும் சுவரும், பின்னர் வெளிச்சம், கடைசியில் அழகு. இவ்வரிசையை மாற்றினால் முதல் மழையிலேயே புதுச் சாயம் உரிந்து விழும்.

செலவுக்கு முன் சோதனை

நல்ல வெயில் நேரத்தில் கதவு, சன்னல்களை மூடிவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒளி புகும் இடங்களில் நீரும் புகக்கூடும். அவற்றைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்ளலாம். கைமரங்களின் நுனியையும், அவை சுவரில் பதிந்த இடத்தையும் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதில் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது அல்லது கரையான் அரித்துவிட்டது என அறியலாம். ஒன்றிரண்டு கைமரங்கள் மட்டும் கெட்டிருந்தால் அவற்றை மாற்றுவதே போதும்.

கூரையும் இணைப்பும்

சாய்ப்பு, வீட்டுச் சுவரைத் தொடும் இடமே மிகவும் பலவீனமானது. இரண்டின் அஸ்திவாரமும் வெவ்வேறாதலால் சாய்ப்பு தனியே சிறிது அமிழும். அங்கே விரிசல் காணும். அவ்விரிசலில் சிமெண்டை அடைத்தால் மீண்டும் வெடிக்கும். வீட்டுச் சுவரில் ஒரு காடி வெட்டி, துத்தநாகம் பூசிய தகட்டின் மேல்விளிம்பை அதில் செருகிப் பூசி, கீழ்விளிம்பை ஓட்டின்மேல் படியும்படி வளைத்துவிட வேண்டும். சாய்ப்பு சிறிது அசைந்தாலும் நீர் உள்ளே வாராது.

ஓடுகளைப் பிரிக்கும்போது நல்லவற்றைத் தனியே அடுக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவி மீண்டும் வேயலாம். சீமை ஓடாயின் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 150 தேவைப்படும். உடைந்தவற்றுக்கு ஈடாக மட்டும் வாங்கினால் போதும். அதே பரப்பில் ஓடுகளின் எடை அரை டன்னுக்கும் குறைவு. 4 அங்குலக் காங்கிரீட் தளமோ 2 டன்னுக்கு மேல் கனக்கும். மண் சுவரும் மெல்லிய அஸ்திவாரமும் அப்பாரத்தைத் தாங்கா.

கல்நார் தகடு வேய்ந்த சாய்ப்புகளில் எச்சரிக்கை தேவை. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அத்தகட்டை அறுக்கவோ, துளையிடவோ, உடைக்கவோ கூடாது. புதிதாக வேய்வோர் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

தரையும் குழியும்

வெளித்தரை, உள்தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். தாவாரத்து நீர் சுவரடியில் விழாதபடி ஓர் ஓடுகால் அமைத்து, வெளித்தரையை 3 அடிக்கு 1 அங்குலம் வீதம் சரித்துவிடுதல் வேண்டும். தறிக்குழியின் பக்கங்களைச் செங்கல்லால் கட்டி, விளிம்பை உள்தரையினின்றும் 3 அங்குலம் உயர்த்தினால் மேல்நீர் குழியில் இறங்காது. ஆனால் குழியையும் தரையையும் முழுவதும் சிமெண்டால் மூடிவிடலாகாது. காற்று மிக உலர்ந்தால் பருத்தி நூல் அறும். மண்ணின் மிதமான குளிர்ச்சி பாவுக்கு நன்மையே.

சுவர்

உப்புப் பூத்த பழைய மண்சுவர்மேல் சிமெண்டுப் பூச்சு பூசுவது வழக்கமாகிவிட்டது. சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி மேலும் உயரும். இரண்டொரு ஆண்டில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். நன்கு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கும் மணல் 3 பங்கும் சேர்த்த காரையே இச்சுவருக்கு ஏற்றது. அதன் வழியே சுவர் மூச்சு விடும்.

வெளிச்சமும் மின்சாரமும்

தறிக்கு நேரே மேலே இரண்டு மூன்று கண்ணாடி ஓடுகள் பதித்தால் பகலில் விளக்கு வேண்டியதில்லை. வடக்குச் சரிவாயின் மிக நன்று. நேர்வெயில் பட்டால் சாயநூல் மங்கும். பழைய மின்கம்பிகளை மாற்றும்போது, மின்கசிவு கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்துவது உயிர்காப்பு.

உழவரான அங்கத்தினர்க்கும் இவை பொருந்தும். நெல் மூட்டை அடுக்கும் சாய்ப்பில் பலகை பரப்பி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குதல் வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

முழு வேலையையும் ஓராண்டில் முடிக்க வேண்டுவதில்லை. இவ்வாண்டு கூரையும் ஓடுகாலும், அடுத்த ஆண்டு தரையும் சுவரும் எனப் பிரித்துக்கொண்டால் கடனின்றி முடிக்கலாம். பங்குனி முதல் ஆனி வரையுள்ள மாதங்கள் இதற்கு உகந்தவை. ஒரு தெருவில் பத்து அங்கத்தினர் சேர்ந்து ஓடு, சுண்ணாம்பு, தகடு ஆகியவற்றை மொத்தமாக வாங்கி, ஒரே தச்சரையும் கொத்தனாரையும் தொடர்ந்து அமர்த்தினால் வண்டிக்கூலி குறையும், வேலையும் தடைப்படாது. தறிக்கூடத்துக்கு உதவி தரும் அரசுத் திட்டங்களும் உண்டு. 2021-22 முதல் 2025-26 வரைக்கான தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் இவ்வுதவி இடம்பெற்றிருந்தது. நடப்பிலுள்ளதைக் கைத்தறித் துறை அலுவலகத்தில் விசாரித்தறியலாம்.

தறி நிற்காத வீட்டில் அடுப்பும் அணையாது. அடுத்த ஐப்பசிக்கு முன் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டுகிறோம்.