ஒரு துண்டு குறைந்தால்

மளிகை வியாபாரிக்கும் போர் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு.

சென்ற கோடை விடுமுறையில் பேரனுக்கு ஒரு ஜிக்சா பெட்டி வாங்கிக் கொடுத்தோம். படத்தை 1000 துண்டுகளாக வெட்டிப் போட்டிருப்பார்கள். அவற்றைப் பொருத்தி மீண்டும் படமாக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் விமானம் ஸ்பிட்ஃபயரின் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் அது. கடை சாத்திய பிறகு தாத்தாவும் பேரனுமாக ஐந்து இரவுகள் உட்கார்ந்தோம். முதலில் ஓரத் துண்டுகள், பிறகு இறக்கை, எழுத்து, வட்டச் சின்னம். கடைசியில் வானம். எல்லாம் ஒரே சாம்பல் நிறம் என்பதால் வடிவத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். வருடக் கடைசியில் இருப்புக் கணக்கு எடுப்பது போன்ற வேலைதான்.

இந்த விளையாட்டைத் தொடங்கி வைத்ததே ஒரு வியாபாரிதான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபட வியாபாரி, வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே அறுத்து, பிள்ளைகள் பூகோளம் படிக்க விற்றார். அமெரிக்காவில் 1932-33இல் கடும் தொழில் மந்தம். வேலை இழந்து வீட்டில் இருந்தவர்களுக்கு அட்டையில் அச்சு வைத்து வெட்டிய மலிவான பெட்டிகள் வாராவாரம் புதுப்படத்துடன் வந்தன. விலை 25 சென்ட். மருந்துக் கடைகளில் வாடகைக்கும் கொடுத்தார்கள். கை இறுகிய காலத்தில் குறைந்த விலையில் நீண்ட பொழுதைக் கொடுத்த சரக்கு ஓடியது. நாம் மனதில் வைக்க வேண்டிய பாடம்.

இனி விமானம். ஸ்பிட்ஃபயர் முதன்முதல் பறந்தது 1936 மார்ச் 5. மொத்தம் 20,000க்கு மேல் செய்தார்கள். 1940இல் பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் பிரபு, பத்திரிகை நடத்தியவர், மக்களிடம் நிதி கேட்டார். ஒரு விமானத்துக்கு 5,000 பவுன் என்று விலை குறிக்கப்பட்டது. உண்மையில் ஆன செலவு அதைவிட அதிகம். பாகவாரியாகவும் விலைப்பட்டியல் வந்தது. ஒரு ரிவெட் ஆணிக்கு ஆறு பென்ஸ். ஏழையும் ஓர் ஆணி கொடுக்கலாம். முழுத்தொகை கொடுத்தவர் சொல்லும் பெயரை விமானத்தின் பக்கத்தில் எழுதினார்கள்.

நமது சென்னை மாகாணத்திலும் யுத்த நிதி திரட்டப்பட்டது. அதன் நினைவாகப் பிரிட்டிஷ் விமானப் படையின் 234, 264 ஆம் எண் அணிகளுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று பெயர் வைத்தார்கள். 234ஆம் அணி 1940இல் பிரிட்டனைக் காத்த வான்போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. மனமுவந்து கொடுத்தவரும் உண்டு, அதிகாரி முகத்துக்காகக் கொடுத்தவரும் உண்டு என்பார் அப்போது பையனாகக் கடையில் நின்ற நமது தந்தையார். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் ரங்கூன் அரிசி நின்றபோது, அந்த நிதிக்குக் கொடுத்த கடைக்காரர்களே அரிசி கிடைக்காமல் அலைந்ததையும் சொல்வார்.

ஐந்தாம் இரவு படம் முடிந்தது. வட்டச் சின்னத்தின் நடுவே ஒரு துண்டு இல்லை. பாயை உதறினோம், பெட்டியைக் கவிழ்த்தோம். இல்லை. 999 துண்டு இருந்தும் கண் அந்த ஓட்டைக்கே போகிறது.

மறுநாள் பேரனை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் முப்பது வயதுக்குட்பட்ட பிள்ளை. பிரித்த பெட்டி, வாங்க மாட்டார் என்றுதான் நினைத்தோம். ஏனென்றால் நாமே அப்படிச் சொன்னவர்கள்.

1988இல் கடைப் பொறுப்பு நம் கைக்கு வந்த புதிது. பல வருடம் நம்மிடம் கொள்முதல் செய்த கிராமத்து மளிகைக்காரர் ஒருவர், சோப்புப் பெட்டியில் மூன்று கட்டி குறைந்ததாகச் சொன்னார். “பெட்டி படி இறங்கிவிட்டால் நமக்குப் பொறுப்பில்லை” என்றோம். அவர் சண்டை போடவில்லை. பாக்கியைச் சுத்தமாகத் தீர்த்துவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை. மூன்று சோப்பின் விலை என்ன? அவர் வருடத்துக்கு எடுத்த சரக்கு என்ன? கணக்கு அன்று தெரியவில்லை. பொய் சொல்பவரா அவர் என்றும் நாம் யோசிக்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இந்தப் பிள்ளை பெட்டியை வாங்கி, ரசீதைப் பார்த்து, அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்துப் பேரன் கையில் கொடுத்தார். “மொத்தக் கடையில் மாற்றிக் கொடுத்தால் சரி ஐயா. கொடுக்காவிட்டால் என்னோடு போகட்டும். தம்பி நாளைக்கும் வரவேண்டும் அல்லவா” என்றார்.

நமக்குப் பேச்சு எழவில்லை.

சில்லறை வணிகர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த வகைப் பெட்டிகளை உறை பிரியாமல் வாங்கி வையுங்கள், ரசீது தவறாமல் கொடுங்கள். விடுபட்ட துண்டைத் தனியாக அனுப்பும் தயாரிப்பாளர்களும் உண்டு, கொள்முதலின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நம்மைப் போன்ற மொத்த வணிகர்களுக்கும் ஒரு வார்த்தை: குறை என்று வருபவரின் பழைய பேரேட்டை ஒருமுறை புரட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள். நமது கடையில் இப்போது அதற்கென ஒரு நோட்டு இருக்கிறது. முப்பது வருடம் முன்பே வைத்திருக்க வேண்டியது.