ஸ்டார்ட்டர் மோட்டார் பழுதறிதலும் மாற்றுதலும்

ஸ்டார்ட்டர் மோட்டார் என்பது பேட்டரி மின்சாரத்தைக் கொண்டு கார் எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மோட்டார் ஆகும். 1912-இல் காடிலாக் கார்களில் இது அறிமுகமான பின், கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றும் வழக்கம் படிப்படியாக மறைந்தது. தமிழ்நாட்டில், சென்னை பாடியிலுள்ள லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் இவற்றைத் தயாரிக்கிறது.

பழுதறிதல்

கார் கிளம்பாததற்குப் பல நேரங்களில் காரணம் பேட்டரியே. எனவே மோட்டாரைக் கழற்றும் முன் அதைச் சோதிக்க வேண்டும். முழுதும் சார்ஜ் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

சாவியைத் திருப்பும்போது எழும் ஒலியும் பழுதைக் காட்டும்:

- விடாமல் ‘டக் டக்’: பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது டெர்மினல் தளர்வு.
- விளக்கு மங்காமல் ஒரே ஒரு ‘டக்’: சாலினாய்டு பழுது, அல்லது கார்பன் பிரஷ் தேய்வு.
- மோட்டார் மட்டும் சுழலும் இரைச்சல்: பினியன், பிளைவீல் பற்களில் பொருந்தவில்லை.
- ஒலியே இல்லை: ரிலே, இக்னிஷன் சுவிட்ச், வயர்களைப் பார்க்க வேண்டும்.

மாற்றுதல்

கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். மோட்டாருக்குச் செல்லும் தடித்த கேபிளில் பெரும்பாலும் ஃபியூஸ் இருக்காது. ஸ்பேனர் அதிலும் காரின் உடலிலும் ஒருசேரப் பட்டால் தீப்பொறி பறந்து கை சுடும். பிறகு வயர்களையும் போல்ட்டுகளையும் கழற்றி, புதிய மோட்டாரின் பினியன் பற்களின் எண்ணிக்கை பழையதோடு ஒத்திருப்பதைப் பார்த்துப் பொருத்த வேண்டும். நெகட்டிவ் இணைப்பைக் கடைசியில் மாட்ட வேண்டும்.