திருவருகைக் காலம்

வடக்கே மலைத்தொடர் அரண்செய்ய, தெற்கிலும் மேற்கிலும் கடல் சூழ்ந்திருக்க, தமிழகத்தின் தென்கோடியில் விளங்குவது கன்னியாகுமரி மாவட்டம். நெடுங்காலம் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த இந்நிலப்பகுதி, 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. இதன் கீழ்ப்பகுதியை நாஞ்சில் நாடு என்பர். நாஞ்சில் என்பது கலப்பை. வயலும் வாழையும் செறிந்த உள்நாட்டு ஊர்களிலும், ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நீண்டு கிடக்கும் கடற்கரை ஊர்களிலும் கத்தோலிக்கக் கிறித்தவர் பலர் வாழ்கின்றனர். கார்த்திகை முதிர்ந்து மார்கழி பிறக்கும் பருவத்தில், சுசீந்திரம் மார்கழித் தேருக்குக் காத்திருக்கும். இவ்வூர்களோ கிறித்து பிறப்பு விழாவிற்குக் காத்திருக்கும்.

ஓர் ஆலயத்தையும் அதனைச் சார்ந்த குடும்பங்களையும் சேர்த்துப் 'பங்கு' என வழங்குவது கத்தோலிக்கர் மரபு. ஆங்கு இறைப்பணியாற்றும் குரு பங்குத்தந்தை எனப்படுவார். பங்கு என்னும் சொல் ஒன்றன் கூற்றைக் குறிப்பதோடு, பலர் பகிர்ந்து பெறுவதையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே விளங்குவது திருவருகைக் காலத்திலேயாம்.

வருகை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைத் தழுவி அமைந்தது இக்காலத்தின் பெயர். கிறித்து பிறப்புக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகள் இதனுள் அடங்கும். முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே அமையும். அன்று தொடங்கிக் குரு ஊதா நிறத் திருவுடை அணிவார். மூன்றாம் ஞாயிறன்று மட்டும் மகிழ்ச்சியின் அறிகுறியாக இளஞ்சிவப்பு உடை அணிவதும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் வழக்கமாகப் பாடப்பெறும் வானவர் கீதம் இக்காலத்தில் பாடப்பெறுவதில்லை. பசுந்தழை வளையம் ஒன்றில் நான்கு மெழுகுதிரிகளை நிறுத்தி, வாரத்திற்கு ஒன்றாக ஏற்றுவர். இவ்வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் செருமனி நாட்டில் தோன்றிப் பின்னர் எங்கும் பரவியது.

இவை யாவும் உணர்த்துவது காத்திருத்தல் என்னும் ஒன்றையே. ஆயினும் காத்திருத்தல் வேறு, சோம்பியிருத்தல் வேறு. விதைத்த உழவன் விளைவிற்காகக் காத்திருக்கின்றான். அதுவரை நீர் பாய்ச்சுதலையும் களை பறித்தலையும் அவன் கைவிடுவதில்லை. பங்கு மக்களின் காத்திருத்தலும் அத்தகையதே.

இக்காலத்தின் தலைவாயிலில் நிகழ்வது கோட்டாற்றுத் தூய சவேரியார் பேராலயத் திருவிழா. நவார் நாட்டில் 1506-இல் பிறந்த பிரான்சிசு சவேரியார், 1542-இல் கோவாவை அடைந்தார். பின்னர்த் தமிழ்க் கடற்கரைக்கு வந்து, தமிழறிந்தோர் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியேந்தி ஊர்தோறும் சென்று கற்பித்தார். 1544-ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே திங்களில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர்க்குத் திருமுழுக்கு அளித்ததாக அவரே கடிதம் எழுதியுள்ளார். 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையையடுத்த தீவொன்றில் அவர் உயிர் நீத்தார். அந்நாளில் நிறைவெய்தும் வண்ணம் கோட்டாற்றில் பத்து நாள் விழா நடைபெறும். மாவட்டம் முழுவதற்கும் அன்று உள்ளூர் விடுமுறை அளிப்பது வழக்கம். தேர் வலம்வரும்போது சமய வேறுபாடின்றி மக்கள் திரள்வர். தேரின்பின் தரையில் உருண்டு நேர்ச்சை செலுத்துவோரும் உளர்.

விழா முடிந்ததும் ஊர்களில் குடில் அமைக்கும் பணி தொடங்கும். தொழுவத்தில் இயேசு பிறந்த காட்சியை 1223-இல் இத்தாலி நாட்டுக் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் அமைத்துக் காட்டியவர் அசிசி நகரத்துப் பிரான்சிசு. அவர்வழி வந்த இவ்வழக்கம் இங்கே தென்னோலையும் வைக்கோலும் வேய்ந்த தமிழ்க் குடிலாக மாறிற்று. சிலர் தட்டுகளில் நெல்லையோ கேழ்வரகையோ முன்னரே முளைக்க வைத்து, அப்பசும்பயிரைக் குடிலின்முன் புல்வெளியாக அமைப்பர். முன்னாளில் மூங்கிற் கீற்றாலும் வண்ணத்தாளாலும் வீட்டிலேயே விண்மீன் விளக்குகளைச் செய்தனர். இன்று அவை கடைகளில் விற்கின்றன. வீடுகளில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் உருவாகும். அவை அயல் வீட்டு இந்துக்களுக்கும் இசுலாமியர்க்கும் உரியனவே.

இரவில் பாடற்குழுவினர் வீடுதோறும் சென்று கிறித்து பிறப்புப் பாடல்களைப் பாடுவர். கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் புனைந்தவர் சிறுவர்க்கு மிட்டாய் வழங்குவார். இஃது ஆடலும் பாடலும் மட்டுமன்று. ஒரு வீடும் விடாமல் நுழையும்போது, ஒரு வீட்டில் முதியவர் நோயுற்றுக் கிடப்பதும், மற்றொரு வீட்டில் வறுமை குடிகொண்டிருப்பதும் ஊரார்க்குப் புலனாகும். வின்சென்ட் தே பவுல் சபையாரும், அண்டை வீட்டார் கூடிய அன்பியங்களும் இத்தகையோர்க்கு அரிசியும் ஆடையும் கொண்டு சேர்ப்பர்.

டிசம்பர் 24-ஆம் நாள் நள்ளிரவுத் திருப்பலிக்கு ஊரெல்லாம் ஆலயத்தில் கூடும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு (1962–1965) முன்னர் இத்திருப்பலி இலத்தீன் மொழியில் நிகழ்ந்தது. அதன்பின் தமிழிலேயே நிகழ்கின்றது. குடிலில் மரியாளும் சூசையும் ஆயரும் இருப்பர். ஆனால் முன்னணை வெறுமையாக இருக்கும். நான்கு வாரம் அடங்கியிருந்த வானவர் கீதம் எழும் வேளையில், மணிகள் முழங்கக் குழந்தை இயேசுவின் உருவம் அதில் வைக்கப்படும். இப்பிறப்பைத் தமிழ்க் காப்பிய மரபில் பாடியவர் வீரமாமுனிவர். அவர் 1726-இல் சூசையைத் தலைவராக வைத்து இயற்றிய தேம்பாவணி 3,615 பாடல்களால் ஆயது.

இவ்விழாக் காலம் இருமுறை பெருந்துயரையும் கண்டது. 2004-ஆம் ஆண்டு கிறித்து பிறப்பு விழாவிற்கு மறுநாள், ஞாயிறு காலை, ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்களைத் தாக்கியது. விண்மீன் விளக்குகள் தொங்கிய வீடுகள் பல இடிந்தன. மணக்குடிப் பாலமும் அடித்துச் செல்லப்பட்டது. பள்ளிகளும் ஆலயங்களும் மண்டபங்களும் புகலிடங்களாயின. ஆண்டுதோறும் டிசம்பர் 26-ஆம் நாள் இவ்வூரார் மெழுகுதிரி ஏந்தித் தம்மவர் கல்லறைகளுக்குச் செல்கின்றனர்.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் இக்கரையை ஒட்டி வீசியது. உள்நாட்டில் வாழையும் இரப்பரும் சாய்ந்தன. கடலிலோ, புயலறியாது முன்னரே சென்ற மீனவர் பலர் சிக்கினர். அவ்வாண்டுச் சவேரியார் திருநாளும் திருவருகைக் கால முதல் ஞாயிறும் டிசம்பர் 3 என்னும் ஒரே நாளில் அமைந்தன. ஆலயத்தில் முதல் மெழுகுதிரி ஏற்றும் அவ்வேளையில், கரையூர்ப் பெண்டிர் கடலை நோக்கி விழித்திருந்தனர். பங்குத்தந்தையரும் ஊராரும் திரும்பாதவர் பெயர்களைப் பங்கு பங்காகத் திரட்டினர். டிசம்பர் 7-ஆம் நாள் மக்கள் குழித்துறை இரயில் நிலையத்தில் திரண்டு, தேடும் பணியை விரைவுபடுத்துமாறு வற்புறுத்தினர். இலட்சத்தீவு, மகாராட்டிரம், குசராத்து ஆகிய கரைகளில் ஒதுங்கிப் பிழைத்தோர் சிலர் மீண்டனர், மீளாதோர் பலர். அவ்வாண்டுக் கிறித்து பிறப்பு, கரையூர்களில் ஆடம்பரமின்றிக் கழிந்தது.

அத்துயர நாளில் பெயர்களைத் திரட்டியோர், ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவராக இருந்தனர். பாடிக்கொண்டும் பலகாரம் பகிர்ந்துகொண்டும் ஆண்டுதோறும் வாயில்களைக் கடந்த பழக்கம், வருந்தும் வீட்டின் வாயிலையும் தயங்காது கடக்கச் செய்தது. காத்திருப்பவரைத் தனியே காத்திருக்க விடாமையே திருவருகைக் காலம் கற்பிக்கும் பாடம். பங்கு என்னும் சொல்லுக்கு நாஞ்சில் நாட்டார் தம் வாழ்வால் எழுதிய உரையும் அதுவே.