ஆப்பும் குடையும்

மாமல்லபுரத்துக் குன்றைச் சுற்றி நடந்தால், சில பாறைகளின் மேல் வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். கல்லைப் பிளக்க ஆப்பு இறுக்குவதற்காக உளியால் தோண்டியவை. ஆப்பு குழியின் பக்கங்களை நெட்டித் தள்ளத் தள்ள, கருங்கல்லே இரண்டாகும். டிரில் மிஷினைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழிகள்தான் நினைவுக்கு வரும்.

நாம் வழக்கமாக அடிக்கும் ராவல் பிளக்கும் ஒருவகை ஆப்புதான். 1911 வாக்கில், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்துவதற்காக ஜான் ஜோசப் ராலிங்ஸ் சணல்நாரில் உருவாக்கியது. 1958இல் ஆர்தர் ஃபிஷரின் நைலான் பிளக் வந்தது. ஸ்குரூ உள்ளே போகப் போகப் பிளக் விரிந்து துளையைக் கவ்வும். செங்கல் சுவர் அந்த நெருக்கலைத் தாங்கிவிடும்.

சிறுசேரி அலுவலகங்களிலும் ஓ.எம்.ஆர். ஃபிளாட்டுகளிலும் அறை தடுக்கும் ஜிப்சம் போர்டு தாங்காது. இரண்டு தாள்களுக்கு நடுவே சாக்பீஸ் போன்ற ஜிப்சம், மொத்தமே 12.5 மி.மீ.; பின்னால் வெற்றிடம். பிளக் விரிந்தால் துளையின் ஓரம் மாவாகக் கொட்டிவிடும்.

இதற்கென்றே உள்ள உலோக ஆங்கர் குடையைப் போல வேலை செய்கிறது. துளைக்குள் மடங்கிப் போகும். ஸ்குரூவை இறுக்கினால் அதன் கால்கள் போர்டின் முதுகுப்பக்கம் வளைந்து விரியும். பாரம் துளையின் ஓரத்தில் ஏறாமல் போர்டின் பரப்பில் பரவுகிறது. போர்டின் கனத்துக்கேற்ற ஆங்கரை வாங்க வேண்டும். திருப்புளி கனத்துவிட்டது என்று கை உணர்ந்ததும் நிறுத்துங்கள். இன்னும் அரைச் சுற்று என்ற ஆசைதான் தாளைக் கிழிக்கிறது. கனமான பொருளென்றால், சுவரைத் தட்டிப் பார்த்து, உள்ளே உலோகச்சட்டம் ஓடும் இடத்தில் மாட்டுவதே சரி.

கழற்றும்போதுதான் பலரும் சுவரைக் கெடுக்கிறார்கள். விரிந்த குடையைக் குறடால் இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்குப் போர்டு பெயர்ந்து வரும். ஸ்குரூவை முழுதாகக் கழற்றிவிட்டு, ஆங்கரின் கழுத்துப்பட்டையைச் சற்றுப் பெரிய பிட்டால் மெதுவாகத் துளைத்து எடுத்து, மீதியை உள்ளே தள்ளிவிடுங்கள். அது சுவருக்குள் விழும் சத்தம் கேட்கும். ஓரத்துத் தாளைக் கத்தியால் சீவி, மெஷ் டேப் ஒட்டி, பட்டியை மெல்லிய பூச்சாக இரண்டு தரம் இழுத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள்.

பட்டையை உள்ளமுக்கி மேலே பட்டி பூசுவது சுலபம்தான். ஆனால் இது உப்புக்காற்று வீசும் கரை. புதைத்த இரும்பின் துரு, ஒன்றிரண்டு மழைக்காலம் போனால், வெள்ளைச் சுவரில் பழுப்பு வட்டமாக ஊறி வெளியே வரும்.